பூங்குழலி வெட்டிய பொட்டு

எங்கள் கடையில் இரண்டே பேர். கம்ப்யூட்டர் முன்னால் பூங்குழலி, அச்சு மேஜை முன்னால் நான், ரவிக்குமார். மைசூரு அக்ரகார சர்க்கிளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது கடை. டி-ஷர்ட், துணிப்பை, ஏப்ரன், பள்ளிக்கூட விளையாட்டு விழா பனியன் என்று துணி எதுவானாலும் அதில் படமும் பெயரும் அச்சடித்துத் தருவோம். அவள் கம்ப்யூட்டரில் வரைவாள். நான் வலைத்துணி கட்டிய சட்டத்தில் மை ஊற்றி ரப்பர் கட்டையால் இழுப்பேன். கடை என் பெயரில் இருக்கிறது, ஆனால் வாடிக்கையாளர்கள் உள்ளே வந்ததும் என்னைத் தாண்டி அவளிடம்தான் போவார்கள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அவளுக்கு அது வரவே வராது. சில நாட்களில் அதுவே எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

பூங்குழலிக்குச் சொந்த ஊர் கொள்ளேகால். முப்பத்தாறு வயது. பி.காம். முடித்து, மதனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். மதனுக்கு ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பத்து வருஷத்துக்கு முன்னால் அவள் என்னிடம் வேலைக்கு வந்தபோது கன்னடத்திலும் தமிழிலும் டைப் அடிப்பது மட்டும்தான் தெரியும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஆறு மாதத்தில், என்னைக் கேட்காமலே, இலவசமாகக் கிடைக்கும் ஒரு வெக்டர் மென்பொருளை இறக்கிக்கொண்டாள். கோடும் வளைவுமாக வரைகிற மென்பொருள் அது. அதில் வரைந்ததைச் சட்டைப் பையிலும் அடிக்கலாம், பஸ்ஸின் முதுகிலும் அடிக்கலாம், ஓரம் பிசிறாது. இந்தி வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அவளுக்கு இந்தி தெரியாது. பேசுகிறவனின் அம்புக்குறி திரையில் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவள் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஒரு மூக்குத்தியைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தில் இருக்கும் புள்ளிகளை ஒவ்வொன்றாக நகர்த்துவாள். "இங்க வாடி. வளையாத, நேரா நில்லு" என்று புள்ளியோடு பேசுவாள். ஒருமுறை வாசலில் சாய்ந்து நின்றிருந்த ஒரு டீச்சரம்மா இதைக் கேட்டுவிட்டுச் சட்டென்று நேராக நின்றுகொண்டார். படத்தில் இருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைப்பாள். இடது புருவம், வலது புருவம், கொண்டை, மல்லிகை ஒன்று, மல்லிகை இரண்டு. எதற்கு இந்த வேலை என்று கேட்டால், "பேரு வெக்காம எப்பிடிங்கண்ணா கூப்புடறது?" என்பாள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் எனக்கென்று ஒரு உருண்டை களி தனியாக இருக்கும். வேண்டாம் என்று நான் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பத்து வருஷமாகத் தின்றுகொண்டும் இருக்கிறேன்.

எங்கள் தொழிலில் அடிக்கடி வரும் வேலை ஒன்று உண்டு. ஒரு கடைக்காரர் வெள்ளைத் தாளில் கருப்பாகப் போட்ட லோகோவைக் கொண்டுவருவார். "இதையே கருப்புச் சட்டையில வெள்ளையாப் போட்டுக் கொடுங்க" என்பார். கேட்கிறவர்களுக்கு இது ஒரு வேலையாகவே தெரியாது, எனக்கும் அப்படித்தான். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, கீழே இருக்கும் வண்ணப்பட்டையில் வெள்ளையை அழுத்தினால் முடிந்தது. முதல்தடவை பூங்குழலி அப்படி அழுத்தியபோது திரையில் படமே காணாமல் போயிற்று. அழித்துவிட்டாள் என்று நினைத்துக் கத்தினேன். அவள் பின்னால் ஒரு கருப்புக் கட்டத்தை வைத்தாள். லோகோ இருந்த இடத்திலேயே பளிச்சென்று இருந்தது. வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எப்படித் தெரியும்? அன்றிலிருந்து வாடிக்கையாளர்களிடம் நானே பெரிய வித்தைக்காரன் மாதிரிச் சொல்வேன், "ஒரே கிளிக், அஞ்சு நிமிஷம், டீ குடிச்சுட்டு வாங்க" என்று. அவள் திரும்பிப் பார்ப்பாள்.

போன வருஷம், ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, கௌரம்மா அக்கா கடைக்கு வந்தார். மேட்டகள்ளியில் மெஸ் நடத்துபவர். கோபிநத்தம் பக்கத்திலிருந்து இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கட்டட வேலைக்கு வந்து, கூட வேலை செய்தவர்களுக்குச் சமைத்துப் போட ஆரம்பித்து, அப்படியே மெஸ்காரர் ஆனவர். கணவர் ஜடையன் காய் நறுக்குவார், மாவாட்டுவார், சாப்பிட வருகிறவர்களிடம் ஊர்க்கதை பேசுவார். மெஸ்ஸுக்குப் பலகை வைத்தபோது அதில் போட கௌரம்மா அக்காவின் முகத்தையே லோகோவாக வரைந்து கொடுத்தவள் பூங்குழலிதான். வெள்ளைப் பலகையில் கருப்புக் கோட்டில் ஒரு முகம். கருகருவென்று கொண்டை, அதில் மல்லிகை, மூக்குத்தி, நெற்றியில் வட்டமாக ஒரு கருப்புப் பொட்டு.

அன்றைக்கு அவர் கையில் பெரிய துணிமூட்டை இருந்தது. நாற்பது ஏப்ரன்கள், எல்லாம் ஒரே குங்குமச் சிவப்பு. ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனை நடத்தும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. ஏப்ரன் துணி அவர்கள் கொடுத்தது. அதில் மெஸ்ஸின் லோகோவைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஒரே நிறம், அதுவும் வெள்ளை, வேறு எந்த நிறமும் கூடாது. வியாழக்கிழமை மாலைக்குள் தொழிற்சாலையில் டிசைனைக் காட்டி ஒப்புதல் வாங்கவேண்டும். இல்லாவிட்டால் வெறும் ஏப்ரனோடுதான் திங்கட்கிழமை கேன்டீனைத் திறக்கவேண்டும்.

எல்லாம் சொல்லிவிட்டு, அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"நாளைக்குக் காலையில அவருக்கு ஆபரேசன் அம்மணி. நெஞ்சைத் தொறக்கறாங்க. மூணு எடத்துல அடைப்பாமா" என்று பூங்குழலியிடம் சொன்னார். "இந்தக் கேன்டீன் வேண்டாம்னு சொல்லிரலாம்னு பாத்தன். அவருதான், நீ தொறந்து வை, நான் எந்திரிச்சு வந்து அங்க உக்காந்து சாப்புடறேன்னு சொல்றாரு."

பூங்குழலி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அக்கா, "நல்லாப் பண்ணிக் குடு கண்ணு. நான் ஆஸ்பத்திரியிலதான் இருப்பன், போன்ல அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்குப் பிறகு நடந்தது முழுக்க என் தப்பு. அன்றைக்கு எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் இருநூறு பனியன் பாக்கி. அவர்கள் அரைமணிக்கொரு தடவை போன் செய்துகொண்டிருந்தார்கள். பூங்குழலி அந்தப் பழைய ஃபைலைத் திறந்து, முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆய்த்தாம்மா? ஒரு கிளிக் வேலைக்கு என்ன தவம் பண்ற?" என்று கத்தினேன்.

அவள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வெள்ளையை அழுத்தினாள். பின்னால் சிவப்புக் கட்டத்தை வைத்தாள். "அண்ணா, இது சும்மா மாத்திப் பாத்தது. மூஞ்சிய இன்னும் நான் சரியாப் பாக்கல. டீ குடிச்சுட்டு வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு முக்குக் கடைக்குப் போனாள்.

அவள் வரும்வரை எனக்குப் பொறுமை இல்லை. திரையில் இருந்ததைப் படமாக எடுத்து, கடை போனிலிருந்து கௌரம்மா அக்காவுக்கு நானே அனுப்பிவிட்டேன். கீழே 'ஓகேவா அக்கா' என்று போட்டேன். வேலை முடிந்ததே என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

இருபது நிமிஷம் கழித்துக் குரல்செய்தி வந்தது. அதற்குள் பூங்குழலி திரும்பி வந்திருந்தாள். இருவரும் கேட்டோம். அக்காவின் குரலில் கோபம் இல்லை. ரொம்பத் தாழ்ந்த குரலில், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலப் பேசியிருந்தார்.

"அம்மணி, எம் மூஞ்சி வேண்டாம். எடுத்துரு. பேரு மட்டும் போட்டாப் போதும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. படம் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். பூங்குழலி என்னைப் பார்க்கவில்லை. திரையில் நெற்றியைப் பெரிதாக்கி, விரலை வைத்துக் காட்டினாள்.

"நெத்தியில என்ன இருக்குதுன்னு பாருங்கண்ணா."

அப்போதுதான் பார்த்தேன். கருப்பாக இருந்தது எல்லாம் வெள்ளையாகியிருந்தது. கருகருவென்றிருந்த கொண்டை வெளுத்துவிட்டது. மல்லிகை, துணி நிறத்தில் இருண்டுவிட்டது. நெற்றியில் பொட்டு இருந்த இடத்தில் வட்டமாக ஒரு வெள்ளை. எங்கள் ஜனங்களில் கணவன் இருக்கிறவரை பெண்களுக்குக் குங்குமம், அவன் போய்விட்டால் திருநீறு. நான் அனுப்பியது, தலை நரைத்து, நெற்றியில் திருநீறு வைத்த கௌரம்மாவின் முகம். நாளைக் காலை கணவனின் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அதை அனுப்பி, 'ஓகேவா' என்றும் கேட்டிருக்கிறேன்.

இந்த வழக்கத்தை எவன் ஏற்படுத்தினான் என்று எனக்கு எப்போதும் ஆத்திரம் உண்டு. என் அப்பா போன பிறகும் என் அம்மா சிவப்புப் பொட்டுதான் வைத்தாள். வாங்கிக் கொடுத்ததே நான்தான். பேசிய உறவுக்காரர்களோடு சண்டையும் போட்டேன். ஆனால் அன்றைக்கு கௌரம்மா அக்காவிடம் போய் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வருமா? பயந்து போயிருக்கிறவரை இன்னும் பயமுறுத்திவிட்டேன், அவ்வளவுதான்.

பூங்குழலி போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். "தப்பு என்னோடதுங்கம்மா. சரியாப் பாக்காம விட்டுட்டேன். நாளைக்குக் காலைக்குள்ள சரி பண்ணிக் காட்டறனுங்க. அதுக்கப்புறம் வேண்டாம்னா எடுத்துரலாமுங்க" என்றாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அனுப்பியவன் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை. அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

பள்ளிக்கூடத்துக்காரர்களுக்குப் போன் செய்து, பனியன் நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டு, அவள் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த யோசனைகளைச் சொன்னேன்.

"பொட்டை மட்டும் எடுத்துட்டா?"

அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வெறும் நெற்றி அதைவிட மோசம் என்று எனக்கே உறைத்தது.

"சரி, பொட்டுக்கு மட்டும் செவப்பு குடு."

அவள் கொடுத்தாள். திரையில் அழகாகத்தான் இருந்தது. "பாக்க நல்லா இருக்குதுங்கண்ணா. ஆனா இது ரெண்டாவது கலரு. ஒரு கலருக்கு மேல அவங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றாள். பிறகு எழுந்து போய் மூட்டையிலிருந்து ஒரு ஏப்ரனை எடுத்து, மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். துணியைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. பத்து வருஷத்தில் முதல்தடவை அவளை அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருந்தேன்.

"செவப்பு நம்மகிட்ட இருக்குதுங்கண்ணா" என்றாள் கடைசியில். "துணியே செவப்புதானுங்க. பொட்டு எடத்துல வெள்ளையில ஓட்டை போட்டுட்டாப் போதும்."

சொல்லும்போது சுலபமாக இருந்தது. ஆனால் பழைய படம் வெறும் கோடு. முகம் முழுக்கக் காலி இடம். காலி இடத்தில் ஓட்டை போட முடியாது. முதலில் முகத்தை முழுக்க வெள்ளையால் நிரப்பவேண்டும். அப்படி நிரப்பினால் வெள்ளைக் கோட்டில் இருக்கும் கண், புருவம், மூக்கு, வாய் எல்லாம் அதில் மறைந்துபோகும். ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்துத் துணியைத் தெரிய வைக்கவேண்டும். கொண்டையைத் துணி நிறத்திலேயே விட்டுவிட்டால் அது கருத்த முடி மாதிரித் தெரியும், ஆனால் எங்கே முடிகிறது என்று தெரியாது. அதைச் சுற்றி மெல்லிதாக ஒரு வெள்ளைக் கோடு ஓடவேண்டும். மல்லிகை மறுபடி வெள்ளையாகவேண்டும். பழைய படத்தை வைத்துக்கொண்டு புதிதாக ஒரு முகத்தையே வரைவதற்குச் சமம்.

"கருப்பையெல்லாம் வெள்ளையாக்கினா அது வேற மனுசிங்கண்ணா" என்றாள். "வெளிச்சம் எங்க இருந்துச்சோ அங்கதான் வெள்ளை வரோணும்."

மதியம் ஒரு மணிக்கு ஆரம்பித்தாள். அன்றைக்கு டிபன் பாக்ஸை நான்தான் திறந்து, அவளுக்கு ஒரு உருண்டையை எடுத்து மேஜையில் வைத்தேன். இடது புருவத்தைக் கூப்பிட்டு வெட்டினாள், வலது புருவத்தைக் கூப்பிட்டு வெட்டினாள். கண்ணில் இரண்டு தடவை தவறிப்போய் முழித்துப் பார்க்கும் கண்ணாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். பொட்டைக் கடைசியில் வைத்துக்கொண்டாள். வட்டத்தை நெற்றியின் மேல் கொண்டுபோய் நிறுத்தி, இரண்டையும் தேர்ந்தெடுத்து, மேலே இருப்பதைக் கீழே இருப்பதிலிருந்து கழிக்கும் கட்டளையைக் கொடுத்தாள். வட்டம் மறைந்தது. அந்த இடத்தில் பின்னாலிருந்து சிவப்பு எட்டிப் பார்த்தது.

நான் ஒரு சட்டத்தை உடனே தயார் செய்தேன். ஆறு மணிக்குப் புது ஏப்ரனை மேஜையில் விரித்து, வெள்ளை மையை ஊற்றி, கட்டையை ஒரே இழுப்பாக இழுத்தேன். சட்டத்தைத் தூக்கினேன். கௌரம்மா அக்கா எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கருத்த கொண்டை, வெள்ளை மல்லிகை, நெற்றியில் குங்குமப் பொட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மையின் காட்டம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

படம் எடுத்து அனுப்பலாமா என்று கேட்டதற்கு பூங்குழலி, "போன் வேண்டாமுங்கண்ணா. காலையில அந்தப் படமும் போன்லதான் போச்சு. நேர்ல போலாமுங்க" என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கௌரம்மா அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் எங்களைப் பார்த்ததும் பூங்குழலி பையைத் திறக்கப் போனாள். நான் தடுத்தேன்.

"அக்கா, நேத்து அந்தப் படத்தை அனுப்பினது நான். பூங்குழலி இல்லை. அவ பாக்கறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு அனுப்பிட்டேன். மன்னிச்சிருங்க."

"தெரியும் ரவி" என்றார் அக்கா. "அம்மணி அனுப்பியிருந்தா, முதல்ல அவரு எப்பிடி இருக்காருன்னு கேட்டிருப்பா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பூங்குழலி ஏப்ரனை எடுத்து அவர் மடியில் விரித்தாள்.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கட்டை விரலைப் பொட்டின் மேல் வைத்துத் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை.

"இது என்ன சாயம் அம்மணி?"

"சாயமே இல்லீங்கம்மா. அந்த எடத்துல நாங்க ஒண்ணுமே போடல. அது துணிதானுங்க."

"அப்ப தொவைச்சாப் போகாதா?"

"வெள்ளை வேணும்னா தேஞ்சு போகுமுங்க. பொட்டுப் போகாதுங்கம்மா. துணி இருக்கற வரைக்கும் இருக்கும்."

அக்கா எழுந்து நின்று, சேலைக்கு மேலே அந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டார். பின்னால் முடிச்சை பூங்குழலிதான் போட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஜடையன் அண்ணனை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பச்சை அங்கியில் சுருங்கிப்போய்த் தெரிந்தார். அக்கா கூடவே நடந்தார். அண்ணன் கண்ணைத் திறந்து, முதலில் அக்காவைப் பார்த்தார், அப்புறம் ஏப்ரனைப் பார்த்தார்.

"யாரு கௌரி இது?"

"நான்தான். கேன்டீனுக்கு."

அண்ணன் உற்றுப் பார்த்தார். "பொட்டு கொஞ்சம் பெருசா இருக்குது."

"இருக்கட்டும்" என்றார் அக்கா. "அப்பிடியே இருக்கட்டும்."

கதவை மூடிக்கொண்டார்கள். ஐந்து மணி நேரம் ஆயிற்று. பூங்குழலி அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அந்த ஐந்து மணி நேரமும் அக்கா ஏப்ரனைக் கழற்றவே இல்லை, ஒரு கையைப் பொட்டின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்கு மேல் டாக்டர் வெளியே வந்தார். நல்லபடியாக முடிந்தது என்று கன்னடத்தில் சொன்னார். நாளைக் காலை பார்க்கலாம் என்றார். பூங்குழலி அழுதாள், நானும் அழுதேன். கௌரம்மா அக்கா அழவில்லை. டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் முடிச்சை அவிழ்த்து, ஏப்ரனைக் கழற்றி, படம் உள்பக்கம் போகாமல் பார்த்து நாலாக மடித்து, என்னிடம் கொடுத்தார்.

"சாயங்காலத்துக்குள்ள இதைக் கம்பெனியில காட்டிட்டு, இதே மாதிரி மிச்சத்தையும் அடிச்சிரு ரவி. திங்கக்கிழமை கேன்டீன் தொறக்கோணும்."